ஃபைபர் படகுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம்

ஃபைபர் படகு என்று பெயர் இருந்தாலும் அதைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் மரம்தான். 1960களிலிருந்து 1980கள் வரை அமெரிக்காவில் பெருவாரியாகக் கட்டப்பட்ட 14 முதல் 20 அடி நீளச் சிறு மோட்டார் படகுகளில், கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஓடு பல இடங்களில் அரை சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும். அதை வளையாமல் நிறுத்தி வைப்பவை மூன்று: மோட்டார் தொங்கும் பின்பலகை, அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள், ஆட்கள் நடக்கும் தளம். இவை மூன்றும் பெரும்பாலும் பிளைவுட்டால் செய்யப்பட்டு, மேலே ரெசினில் நனைத்த ஃபைபர் போர்த்தி மூடப்பட்டவை. நாற்பது ஆண்டு கழித்தும் ஓட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மெழுகு போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். அந்தப் பளபளப்புக்குள் மரம் மக்கிக் கிடக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

இந்தக் கட்டுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. கண்ணாடி இழையைத் தொழில்முறையில் தயாரித்த ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் 1938இல் உருவானது. ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ரே கிரீன் 1942இல் பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழையும் கொண்டு ஒரு சிறு பாய்மரப் படகைச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அச்சில் வார்த்து எடுக்கும் படகுகள் சந்தையை நிறைத்தன. பலகை பலகையாக இழைத்துப் பொருத்தும் தச்சு வேலை தேவைப்படாமல் போனது. ஆனால் விறைப்புக்காகக் கனத்த ஃபைபர் போடுவதைவிட நடுவே பிளைவுட் வைப்பது மலிவு. அதனால் தச்சர் போனாலும் மரம் போகவில்லை.

1958இல் வந்த பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகு வேறு வழியில் போனது. உள் ஓடு, வெளி ஓடு இரண்டுக்கும் நடுவே நுரையை நிரப்பினார்கள். அதன் நிறுவனர் டிக் ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார்கள். அறுத்த பிறகும் அது மிதந்தது. 1961இல் லைஃப் இதழில் வந்த அந்தப் படங்கள் புகழ்பெற்றவை. 1971இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான மோட்டார் படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்க வேண்டும் என்ற விதி வந்தது. தளத்துக்கு அடியில் பாலியூரித்தேன் நுரையை ஊற்றி அடைப்பது வழக்கமாயிற்று. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆனால் உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போனதும் அதனால்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. படகைச் சுமக்கும் ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ ஓட்டைத் துளைத்து உள்ளே வருவது குறைவு. பெரும்பாலும் கெடுப்பது மேலிருந்து வரும் மழை. இருக்கையைப் பொருத்திய ஸ்க்ரூ, கைப்பிடிக் கம்பியின் போல்ட், மீன் தேடும் கருவிக்காகப் பின்பலகையில் போட்ட இரண்டு சிறு துளைகள், மோட்டாரைத் தாங்கும் நான்கு பெரிய போல்ட்டுகள், வடிகால் துளையில் செருகிய பித்தளைக் குழாய் என ஒவ்வொன்றும் ஃபைபர் போர்வையைத் துளைத்து நேரே மரத்துக்குள் போகிறது. துளையில் பூசிய பிசின் சில ஆண்டுகளில் காய்ந்து விரிசல் விடும். பல தயாரிப்பாளர்கள் பின்பலகையின் மேல் விளிம்பை மூடாமலே அலுமினியத் தகட்டால் மறைத்தார்கள். தளப் பலகையின் அடிப்புறத்தில் ஒரு கை ரெசின் பூசியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வளர முடியாது. ஈரம் 30 சதவீதத்தை நெருங்கி, கொஞ்சம் காற்றும் மிதமான சூடும் சேர்ந்தால் செழித்து வளரும். உப்புத் தண்ணீர் பூஞ்சையைத் தடுக்கும். நல்ல தண்ணீர் வளர்க்கும். அதனால் கடலில் தினமும் ஓடும் படகைவிட, வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் மூடாமல் நிற்கும் படகு சீக்கிரம் கெடுவது உண்டு. ஃபைபர் போர்வை தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு ஆவியாக வெளியேறவும் விடாமல் பிடித்து வைக்கிறது. திறந்து கிடக்கும் பலகை வெயிலில் காய்ந்துவிடும், போர்த்தி மூடிய பலகை காயவே காயாது.

நுரையின் கதை இன்னும் மோசம். ஒரு கன அடி நுரை ஏறக்குறைய 28 லிட்டர் இடத்தை அடைக்கும்; எடை ஒரு கிலோகூட வராது. நல்ல நிலையில் அது தண்ணீரில் 27 கிலோவைத் தூக்கி நிறுத்தும். அதன் அறைகள் மூடியவை என்றாலும், பல ஆண்டுகள் தண்ணீரிலேயே கிடந்து, குளிர்நாடுகளில் மாறி மாறி உறைந்தும் உருகியும் வந்தால், சுவர்கள் உடைந்து ஊறத் தொடங்கும். பத்து கன அடி நுரையில் பாதி ஊறினாலே படகில் நூறு கிலோவுக்கு மேல் வேண்டாத சுமை ஏறிவிடும். வேகம் குறைகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்று சொந்தக்காரர் மோட்டாரைப் பழிப்பார். பழி தளத்துக்கு அடியில் இருக்கும்.

இதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. முதலாவது தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டினால், நல்ல இடம் கணீரென்று பேசும்; மக்கிய இடம் மந்தமாகத் தொப்பென்று ஒலிக்கும். அடுத்தது, மோட்டாரைச் சற்றுத் தூக்கிய நிலையில் அதன் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துவது. பின்பலகை அசைந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. மோட்டார் பிடிப்பின் மூலைகளில் மயிரிழை விரிசல்கள், இறுக்க இறுக்கச் சும்மா சுற்றும் ஸ்க்ரூ, காலடியில் லேசாக அமுங்கும் தளம், துளைகளின் கீழே வழிந்த பழுப்புக் கறை ஆகியவையும் அடையாளங்கள். ஈரமானி உதவும்தான், ஆனால் அருகே உலோகம் இருந்தாலும் சில வகைப் பெயின்ட் இருந்தாலும் அது பொய் சொல்லும். அதை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது.

கடைசி நீதிபதி துளைக்கருவிதான். உள்பக்கத்திலிருந்து 4 மில்லிமீட்டர் துளையை, வெளி ஓட்டைத் தொடாத ஆழத்துக்கு, பின்பலகையின் கீழ்ப்பகுதியில் நாலைந்து இடங்களில் போட வேண்டும். முதலில் வெள்ளை ஃபைபர் தூள் வரும். பிறகு வெளிர் மஞ்சளாக, உலர்ந்த மரச்சுருள் சுருண்டு வந்தால் அந்த இடம் தேறிற்று. கருத்த, ஈரமான, சுருளாகாத கூழ் துளைக்கருவியின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு, கூடவே காளான் வாடை வந்தால் அங்கே மரம் இல்லை என்று பொருள். சில படகுகளில் துளையிலிருந்து தண்ணீரே சொட்டும். ஈரம் எப்போதும் கீழே தேங்கும் என்பதால் மேலே போட்ட துளை நலமாக இருப்பதைக் கண்டு திருப்தி அடைந்துவிடக் கூடாது. சோதனைத் துளைகளை அன்றைக்கே எபாக்சியால் அடைத்துவிட வேண்டும்.

கோளாறு தெரிந்த பிறகு குறுக்குவழி ஒன்று ஆசை காட்டும். மக்கிய இடமெங்கும் துளை போட்டு, தண்ணீர்போல் நீர்த்த எபாக்சியை ஊற்றி இறுக வைத்தால் போதும் என்று அதை விற்பவர்கள் சொல்வார்கள். இது பழுதுபார்ப்பு ஆகாது. தண்ணீர் நிறைந்த மரத்துக்குள் எபாக்சி புகாது. புகுந்த இடத்திலும், இழையின் வலு போய்விட்ட மரத்தைச் சுற்றி ஒரு கடினமான தோல் உருவாகுமே தவிர, சுமார் 90 கிலோ எடையுள்ள 50 குதிரைத்திறன் மோட்டாரின் உந்துதலைத் தாங்கும் பலம் திரும்ப வராது. நடுத்தண்ணீரில் பின்பலகை பிளந்தால் மோட்டாரும் போகும், படகுக்குள் தண்ணீரும் புகும். மக்கியதை முழுவதுமாக எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது ஒன்றே முறையான வழி.

பிரிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். தளமும் சட்டங்களும் இருக்கும்வரைதான் ஓடு தன் வடிவில் நிற்கும். அவற்றை அறுத்தெடுத்ததும் அது தன் எடையிலேயே தொய்யும். தொய்ந்த நிலையில் புதிய சட்டத்தை ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். அடிப்பகுதியின் பின்பாதியில் ஒரு சிறு குழிவு விழுந்தாலும், வேகத்தில் ஓடும்போது படகின் மூக்கு தாழ்ந்து திசைமாறி அலையும். ஆகவே படகை மட்டம் பார்த்து நிறுத்தி, அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுத்து, பக்கவாட்டுச் சுவர்கள் விரியாதபடி குறுக்கே கட்டைகள் வைத்து இறுக்க வேண்டும். சட்டங்களின் உயரம், இடைவெளி, தளத்தின் மட்டம், பின்பலகையின் உயரமும் சாய்வும் என எல்லாவற்றையும் அளந்து எழுதி, படமும் எடுத்து வைப்பது நல்லது. நீளத் தண்டு மோட்டாருக்குப் பின்பலகை 51 சென்டிமீட்டர், குட்டைத் தண்டுக்கு 38 சென்டிமீட்டர் என்பது வழக்கமான உயரம். சட்டங்களை ஒரே நேரத்தில் எல்லாம் எடுக்காமல் ஒவ்வொன்றாக மாற்றுவது இன்னும் பத்திரம்.

தளத்தை ஓரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் விளிம்பு விட்டு அறுப்பார்கள். புதிய தளம் உட்கார அந்த விளிம்பு உதவும். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மேல் போகாதபடி வைக்காவிட்டால் ஓடே அறுபடும். பின்பலகையை உள்பக்கத்திலிருந்து எடுத்தால் வெளி ஓடு முழுசாகத் தப்பும். உள்தோலை உரித்ததும் மக்கிய மரம் கையோடு வரும். பழுப்பேறி, குறுக்கும் நெடுக்கும் வெடித்துச் சிறு சதுரத் துண்டுகளாக உதிரும். விரலிடையே நசுக்கினால் பொடியாகும். அடிப்பாகத்தில் மட்டும் சில அடுக்குகள் பிடிவாதமாக ஒட்டியிருக்கும். அவற்றை உளியால் சுரண்ட வேண்டும். நுரையை மண்வெட்டியால் வெட்டி அள்ளுவார்கள். சில துண்டுகளைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும்.

அதன் பிறகு வருவது கிரைண்டர் வேலை. பழைய ஃபைபரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்த்து எடுக்காமல் புதிய ரெசின் பிடிக்காது. இந்தத் தூள் தோலில் குத்தி அரிக்கும்; நுரையீரலுக்குள் போவது அதைவிட ஆபத்து. வடிகட்டியுள்ள முகமூடி, கண்ணாடி, முழு உடலையும் மூடும் ஆடை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது அரிப்பைக் குறைக்கும். தேய்த்த ஓட்டை நன்றாகக் காய விட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டால் மறுபடியும் அதே கதைதான்.

ரெசினில் இரண்டு வகையைப் பற்றித் தெரிந்தால் போதும். பாலியெஸ்டர் மலிவு, படகு முதலில் கட்டப்பட்டதும் அதைக் கொண்டுதான். புதிதாக வார்க்கும்போது அது குறையில்லாமல் வேலை செய்யும்; இறுகிய பழைய பரப்பிலும் மரத்திலும் அதன் பிடிப்பு குறைவு, இறுகும்போது சுருங்கவும் செய்யும். எபாக்சி விலை கூடுதல், ஆனால் பழைய ஃபைபரையும் மரத்தையும் விடாமல் பிடிக்கும். பின்பலகைக்கும் சட்டங்களுக்கும் எபாக்சியே தகுந்தது. அந்த இடத்தில் பணத்தை மிச்சம் பிடிப்பது வீண். எபாக்சியில் ஹார்டனரின் அளவு தயாரிப்பாளர் சொன்ன விகிதம்தான். சீக்கிரம் இறுக வேண்டுமென்று கூடுதலாக ஊற்றினால் அது ஒருபோதும் சரியாக இறுகாது. பாலியெஸ்டருக்கு ஏற்ற, மேட் எனப்படும் சாதாரண இழை விரிப்பை எபாக்சியோடு பயன்படுத்துவதும் தவறு: அந்த மேட்டைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகப் போடப்பட்டது. எபாக்சிக்குத் தைத்த அல்லது நெய்த துணி வகைகள் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இந்த வேதியியல் புதியதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த பல ஊர்களில் ஃபைபர் படகுகள் வந்து நிறைந்தன. மேட், ரோவிங், ரெசின், கோபால்ட் என்ற சொற்கள் மீனவ ஊர்களின் அன்றாடப் பேச்சாயின. அங்கே பாலியெஸ்டர் ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி, பிறகு ஒன்றிரண்டு சதவீதம் மீத்தைல் எத்தில் கீட்டோன் பெராக்சைடைச் சேர்ப்பார்கள். கோபால்ட்டும் பெராக்சைடும் ரெசின் இல்லாமல் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒரே அளவுக் கோப்பையை இரண்டுக்கும் பயன்படுத்தவே கூடாது. பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

புதிய பின்பலகைக்குப் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி 38 மில்லிமீட்டர் கனம் கொண்டுவருவார்கள். பிரிட்டனில் பிஎஸ் 1088, இந்தியாவில் ஐஎஸ் 710 என்ற தர எண்கள் உள்ளவை இதற்கானவை. உள்ளே வெற்றிடம் இல்லாத அடுக்குகளும் தண்ணீரில் விடாத பசையும் அதன் சிறப்பு. அதற்காக அதை ஈரத்தில் விடலாம் என்று எண்ணக் கூடாது. மரமே வேண்டாம் என்பவர்கள் கண்ணாடி இழை கலந்த கனத்த நுரைப் பலகைகளை வைக்கிறார்கள். அவை மக்குவதில்லை, விலைதான் பல மடங்கு. அட்டையில் மாதிரி வெட்டிப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பிளைவுட்டை அறுக்க வேண்டும். எல்லா முகங்களிலும், முக்கியமாகக் குறுக்குவெட்டு விளிம்புகளிலும், எபாக்சி குடிக்கும்வரை பூசுவார்கள். மரத்தின் நாளங்கள் திறந்து கிடக்கும் அந்த விளிம்புதான் தண்ணீரை உறிஞ்சும் வாய்.

ஓட்டின் உள்பரப்பில் கெட்டியாக்கிய எபாக்சியைப் பல்லுள்ள கரண்டியால் பரப்பி, பலகையை வைத்து, ஓரங்களில் எபாக்சி பிதுங்கும்வரை கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அளவு மீறி இறுக்கினால் பசை எல்லாம் வெளியேறி ஒட்டு வறண்டுபோகும். பலகையும் ஓடும் சந்திக்கும் மூலையில் சிலிகாப் பொடி கலந்து வடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்த எபாக்சியை விரலால் வழித்து வளைவாக்குவார்கள். கூரான மூலையில் ஃபைபர் துணி படியாது, அடியில் காற்றுப் பை விட்டுவிடும் என்பதே காரணம். அந்த வளைவின் மேல் துணிப் பட்டைகளை ஒன்றைவிட ஒன்று அகலமாக அடுக்கிப் பலகையையும் ஓட்டையும் பிணைப்பார்கள். வெளி ஓட்டில் கிழிசலோ ஓட்டையோ இருந்தால், ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துத்தான் அடைக்க வேண்டும்: ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலச் சரிவு. 6 மில்லிமீட்டர் ஓட்டுக்கு 72 மில்லிமீட்டர். அகலம் அதிகமாகத் தோன்றும். ஒட்டின் பலமெல்லாம் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது.

சட்டங்களுக்கும் இதே முறை. கூடுதல் கவனம் வேண்டியது சட்டங்களின் அடியில் தண்ணீர் கடக்க விடும் சிறு வழிகளில். முன்பு வெறும் மரத்தில் போட்ட துளைகளாக இருந்தவற்றில்தான் பல படகுகள் மக்கத் தொடங்கின. பிவிசி குழாய்த் துண்டைச் செருகி எபாக்சியால் பதித்தால் மரத்தைத் தொடாமல் தண்ணீர் ஓடும். தளத்தை மூடுவதற்கு முன்பு பெட்ரோல் தொட்டியையும் பார்த்துவிட வேண்டும். ஈர நுரையில் பதிந்து கிடந்த அலுமினியத் தொட்டி அரித்திருக்கும். அதைச் சோதிக்க இதைவிட நல்ல தருணம் வராது.

நுரை போடலாமா வேண்டாமா என்ற பேச்சு எப்போதும் எழும். அது ஊறியதால்தானே இத்தனை வேலை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் நிறைந்த படகு மூழ்காமல் இருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் பிழைக்க முடியும். எடுத்த அளவு நுரையைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். படகின் அடிமுதுகான ஏராவை ஒட்டி நடுவே ஒரு வாய்க்காலை விட்டு, இருபக்க அறைகளில் மட்டும் நிரப்பினால் மிதப்பும் இருக்கும், தண்ணீரும் வடிகால் துளைக்கு ஓடிவிடும்.

தளப் பலகையின் இரு முகங்களுக்கும் எபாக்சி பூசி, மேலே துணி போர்த்தி மூடிய பிறகு, வேலை ஏறக்குறைய முடிந்ததாகத் தோன்றும். அதுவரை செய்ததெல்லாம் நிலைக்குமா என்பது போல்ட்டுகளுக்குத் துளை போடும் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 18 மில்லிமீட்டர் துளை போட்டு, அதைக் கெட்டியான எபாக்சியால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 12 மில்லிமீட்டரில் மறுபடி துளைக்க வேண்டும். போல்ட் எபாக்சிக் குழாய்க்குள் நிற்கும். நாளை மேல்பிசின் விரிந்து தண்ணீர் இறங்கினாலும் மரத்தை எட்டாது. மோட்டார் போல்ட் முதல் கோப்பைத் தாங்கியின் சிறு ஸ்க்ரூ வரை எல்லாவற்றுக்கும் இதே விதி. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் சிறு கருவிகளை, பின்பலகையைத் துளைக்காமல், ஒட்டிய பிளாஸ்டிக் துண்டின் மேல் பொருத்துவது இன்னும் மேல்.

வெளிப்பூச்சு கடைசி. ஜெல்கோட் என்ற ரெசின் பூச்சு அரை மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் போதும். காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் இறுதிப் பூச்சில் மெழுகு கலப்பார்கள். எபாக்சியின் மேல் ஜெல்கோட் நன்றாகப் பிடிக்காது; அங்கே இரட்டைக் கலவைப் பெயின்ட் பொருத்தம். எபாக்சி இறுகும்போது மேலே படியும் வழுவழுப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தேய்க்காமல் எதைப் பூசினாலும் உரியும்.

முதல் ஓட்டம் கரையோரம்தான். படகை இறக்கி மோட்டாரைக் கிளப்பாமல் அரை மணி நேரம் நிறுத்தி, பின்பக்கக் குழியில் தண்ணீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சற்று வேகமாக ஓட்டித் திரும்பி, மோட்டார் போல்ட்டுகளை மறுபடி இறுக்குவார்கள். புதிய பலகை முதல் சில ஓட்டங்களில் சற்று அமர்வது இயல்பு. கரையேற்றியதும் வடிகால் துளையின் அடைப்பைக் கழற்றி வடியும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால், ஒவ்வொரு முறையும் எவ்வளவு வருகிறது என்று ஒப்பிட முடியும். அளவு கூடிக்கொண்டே போனால் எங்கோ ஒரு துளை திறந்திருக்கிறது. நிறுத்தி வைக்கும்போது மூக்கை உயர்த்தி, அடைப்பைக் கழற்றி, காற்றுப் போகும்படி மேலே மூடி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்டினால் உள்ளே வியர்க்கும்.